நகராத பலகை

மே 18, ஞாயிறு

நேற்று நகர்ந்தது பெடல். என் கால் இல்லை. இதை முதலில் எழுதி வைத்துவிடுகிறேன். காலைப் பூசை முடிந்து கோயிலை விட்டு வெளியே வருவதற்குள் நாலு பேர், "என்ன ஜெரால்டின், நேத்து மேடையில தடுமாறிட்டியாமே" என்று கேட்டுவிட்டார்கள். எங்கள் குழுவில் எவனோ வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. நான் தடுமாறவில்லை. காலிப்பர் மாட்டிய கால் எப்படித் தடுமாறும்? முட்டியை இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி பூட்டி வைத்திருக்கிறது.

இந்த டைரியை என் தங்கை செல்மா எனக்குத் தெரியாமல் எடுத்துப் படிக்கிறாள். படிக்கட்டும். அவளுக்கும் புரிகிற மாதிரியே எழுதுகிறேன். என் கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே நான்கு சின்ன இரும்புப் பெட்டிகள் இருக்கின்றன. ஒன்றைக் காலால் மிதித்தால் கிட்டார் உறுமும். ஒன்றை மிதித்தால் எதிரொலிக்கும். இன்னொன்று சத்தத்தை அலை மாதிரி ஆட்டும். கடைசிப் பெட்டி சுருதி பார்க்க. இவைதான் பெடல்கள். வாசிக்கும்போது இரண்டு கையும் கிட்டாரில் இருப்பதால் கால்தான் வேலை செய்ய வேண்டும். எனக்கு இடது கால் நிற்பதற்கு. வலது கால் போலியோ கால். அதை இடுப்பிலிருந்து வீசி, பூட்ஸை அப்படியே பெடல் மேல் இறக்குவேன். இருபது வருடமாக அப்படித்தான்.

நேற்று கல்யாண வரவேற்பு, வேகப் பாட்டு, என் முறை வந்தது. உறுமல் பெடலை மிதித்தேன். அது டைல்ஸ் தரையில் சறுக்கிக்கொண்டு போய் ஸ்பீக்கர் பெட்டிக்கு அடியில் புகுந்துவிட்டது. வயர் பிடுங்கிக்கொண்டது. டர்ர் என்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமே இல்லை. நான் ஊமைக் கம்பியைத் தடவிக்கொண்டு நிற்கிறேன். அதற்குள் எங்கள் கீபோர்டுக்காரன் கிளாடுவின் தன் கீபோர்டில் கிட்டார் சத்தத்தைப் போட்டு என் பகுதியை அவனே வாசித்து முடித்துவிட்டான். மாப்பிள்ளையின் கூட்டாளிகள் ஆடிக்கொண்டே இருந்தார்கள். ஒருத்தன்கூட மேடையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

மே 19, திங்கள்

கிளாடுவின் எங்கள் வீட்டுக்கு வந்தான். ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தான். பழத்தோடு வருகிறவன் நல்ல சேதி கொண்டு வரமாட்டான்.

கலங்கரை இசைக்குழுவை நானும் அவனும் சேர்ந்துதான் தொடங்கினோம். அப்போது அவனுக்கு மீசை ஒழுங்காக முளைத்திருக்கவில்லை. இப்போது வண்டி அவனுடையது, ஸ்பீக்கர் அவனுடையது, அட்வான்ஸ் வாங்குகிறவனும் அவன். ஆனாலும் என்னை "எக்கா" என்பதை விடவில்லை. அந்த மட்டும் மரியாதை தெரிந்த பயல்.

"எக்கா, நம்ம ஊரு அந்தோனியார் திருவிழாக் கச்சேரிக்கு டிவியில பாடுத பொண்ணு ஒண்ணு வருது. கமிட்டி ஏற்பாடு. யூடியூப்ல லைவ் போடுதாவ."

"நல்லதுதானலே."

"அதான், நீங்க சிரமப்பட வேண்டாம்னு பாக்கேன். நீங்க தனியா வாசிக்குத லீடு பகுதிய நான் கீபோர்டுல பாத்துக்கிடுதேன். நீங்க பின்னால சேர்ல உக்காந்து ரிதம் மட்டும் வாசிங்க. பெடலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"சிரமம்னு நான் ஒன்ட்ட எப்பம்லே சொன்னேன்?"

"சொல்லலக்கா. அன்னைக்குப் பாத்தோம்லா."

"பெடலு நகந்துட்டு. சும்மா தரையில வச்சிருந்தேன், நகந்துட்டு. அத நகராம நிப்பாட்டிட்டா?"

அவன் மின்விசிறியைப் பார்த்தான். அதில் என்ன எழுதியிருந்ததோ. "நகராம இருந்தா பாப்போம்" என்றான்.

"பாப்போம்னா என்ன அர்த்தம்?"

"ஒண்ணாந்தேதி ஒத்திகை. அன்னைக்கு நகராம இருந்தா லீடு நீங்கதான். போதுமா?"

தையல் மெஷினில் இருந்த செல்மாவைக் கூப்பிட்டேன். அவள் முன்னாலும் அதைச் சொல்ல வைத்தேன். சொன்னான். முகம்தான் கடுகடு என்று இருந்தது.

பழத்தைக் குறை சொல்ல முடியாது. நல்ல பழம்.

மே 20, செவ்வாய்

செல்மாவின் தையல் கடையில் துணி வெட்டும் மேஜைக்கு வாங்கி மிச்சமான பலகை ஒன்று கிடந்தது. நல்ல தடி. நான்கு பெடலையும் அதன்மேல் ஒட்டிவிட்டால் எது எங்கே போகும்?

பெடலுக்கு அடியில் கருப்பு ரப்பர் ஒன்று ஒட்டியிருக்கும். அது இருந்தால் வேறு எதுவும் ஒட்டாது. காய் நறுக்கும் கத்தியால் நான்கையும் சுரண்டி எடுத்தேன். பிசின் பிசுபிசு என்று நின்றது. தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்தேன். புதுப் பாத்திரத்தில் ஒட்டிய காகிதத்தை அப்படித்தானே எடுக்கிறோம். பளிச்சென்று ஆகிவிட்டது.

செல்மாவிடம் வெல்க்ரோ ஒட்டுப் பட்டை கேட்டேன். ஒரு முழம் கிழித்துக் கொடுத்தாள். பின்பக்கம் பசையே இல்லை.

"இது தைக்கிறதுக்கு உள்ளதுக்கா. இரும்புல ஊசி எறங்குமா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்கட்டும். பஸ் ஏறித் தூத்துக்குடி போய் பசை உள்ளதை வாங்கி வந்தேன். நின்றுகொண்டேதான் போனேன். உட்கார இடம் கொடுத்தார்கள், நான்தான் வேண்டாம் என்றேன்.

மாலையில் செல்மா நொச்சி இலை போட்டு வெந்நீர் வைத்தாள். நான் கேட்கவில்லை. வைத்துவிட்டாளே, வீணாகப் போகக் கூடாது என்று காலை விட்டுக்கொண்டு இருந்தேன்.

மே 21, புதன்

ஒட்டியாகிவிட்டது. பலகையைத் தலைகீழாகத் தூக்கிப் பார்த்தேன், ஒன்றும் விழவில்லை. கிளாடுவின் வரட்டும்.

மே 22, வியாழன்

நான்கும் விழுந்துவிட்டன. காலையில் பலகையை எடுத்து நிறுத்தினேன், ஒன்றன்பின் ஒன்றாக மடமடவென்று கழன்று விழுந்தன. வெல்க்ரோ பலகையில் அப்படியே இருக்கிறது. பெடலில்தான் ஒட்டவில்லை.

"எண்ணெய் தேச்ச நெத்தியில பொட்டு நிக்குமாக்கா?" என்றாள் செல்மா.

அவளுக்கு இது முந்தாநாளே தெரிந்திருக்கிறது. நீயாகக் கண்டுபிடிப்பாய் என்று விட்டுவிட்டாளாம். உடன்பிறப்பு என்றால் இப்படி அமைய வேண்டும். சோப்புப் போட்டுத் துடைத்து, பெட்ரோல் நனைத்த துணியால் மறுபடி துடைத்து, மீதி வெல்க்ரோவை வெட்டி ஒட்டினேன். கை இரண்டும் பெட்ரோல் நாற்றம். சோறு இறங்கவில்லை.

மே 25, ஞாயிறு

நேற்று திருச்செந்தூர் பக்கம் ஒரு கச்சேரி. சாமான் எல்லாம் வண்டிக் கூரையில். கத்திரி வெயில் உச்சி மண்டையைப் பிளக்கிறது. போய் இறங்கி உறையைத் திறந்தால், பசை இளகி அல்வா மாதிரி வழிந்திருக்கிறது. நான்கு பெடலும் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன.

பெடல் இல்லாமலே வாசித்தேன். ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் சேர் போட்டிருந்தார்கள். நானேதான் போய் உட்கார்ந்தேன். அங்கே நல்ல காற்று.

மே 26, திங்கள்

கச்சேரி வீடியோவை யாரோ அனுப்பியிருந்தார்கள். செல்மா போனைக் கையில் வைத்து முழுவதும் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "எக்கா, இதுல நீ எங்க இருக்க?"

நான் இல்லை. பாட்டு முழுக்க என் கிட்டார் கேட்கிறது, என்னைக் காணோம். பெட்டிக்கு மேலே கிட்டாரின் தலை மட்டும் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது.

காற்று என்று நேற்று எழுதினேன். மண்ணாங்கட்டி. அங்கே ஒரு காற்றும் வரவில்லை. ஸ்பீக்கர் சூடுதான் வந்தது. குழு தொடங்கியபோது நான் பாடகிக்குப் பக்கத்தில், முன்வரிசையில் நின்றேன். போஸ்டரில்கூட என் படம் உண்டு. அப்புறம் இரண்டாவது பாடகர் வந்தார், கொஞ்சம் தள்ளிக்கோங்கக்கா என்றார்கள். லைட் ஸ்டாண்டு வந்தது, கொஞ்சம் தள்ளிக்கோங்கக்கா. புகை விடுகிற மெஷின் வந்தது. அதற்கும் தள்ளினேன். ஒரு மெஷினுக்கு இருக்கிற மதிப்பு எனக்கு இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தள்ளி இப்போது பெட்டிக்குப் பின்னால் இருக்கிறேன். இன்னும் ஒரு தடவை தள்ளினால் மேடையை விட்டு விழ வேண்டியதுதான்.

இனி ஒட்டுகிற கதையே கிடையாது. திருகு போட்டு முடுக்கப் போகிறேன்.

மே 28, புதன்

சைக்கிள் கடையில் பழைய செயின் ஒன்று வாங்கி வந்தேன். செயினின் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு ஓட்டை இருக்கும். பெடலின் அடித்தகட்டில் இருக்கிற திருகைக் கழற்றி, கண்ணியின் ஒரு ஓட்டையை அதில் கோத்துத் திரும்ப முடுக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு ஓட்டை வழியாகப் பலகையில் திருகு இறக்க வேண்டும். ஒரு பெடலுக்கு நான்கு மூலை. அதற்கப்புறம் அந்தப் பெட்டியை யானை மிதித்தாலும் நகராது.

செல்மா வாசலில் நின்று பார்த்தாள். "அந்த ரப்பரையும் அட்டைப் பெட்டியையும் பத்திரமா வச்சிருக்கேன். நீ இப்படி திருகிக் கீறல் விழுந்தா, நாளைக்கு வித்தா எவன் வாங்குவான்?"

"விக்கதுக்கா வாங்குனேன்?"

"கோபப்படாத. கால் இப்படியே இருக்குமா? ராத்திரி நீ முனகுதது எனக்குக் கேக்காதா?"

கனவில் முனகியிருப்பேன். ரப்பர் போட்டு வைத்திருந்த டப்பாவை அவள் கையிலிருந்து வாங்கி, நான்கு ரப்பரையும் குப்பையில் போட்டேன். அவள் மெஷினுக்குப் போய்விட்டாள். சட்டை ஒன்றைக் கோணலாகத் தைத்துப் பிரித்தாள்.

பலகையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. வியாகுலம் அண்ணன் அந்த வழியாக வந்தார். எங்கள் குழுவின் டிரம்மர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். கடைசித் திருகு வரை பிடித்துக்கொண்டு இருந்துவிட்டு, போகும்போது ஒன்று சொன்னார்.

அதை இங்கே எழுத மாட்டேன்.

மே 29, வியாழன்

பலகையைத் தூக்கி உதறினேன். நான்கு பெடலில் ஒன்றுகூட முணுக்கென்று அசையவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

ஒத்திகை. கிளாடுவின் தன் வீட்டு மாடி ஹாலில் சிவப்பு விரிப்புப் போட்டிருந்தான். மேடையிலும் அதே விரிப்புதான். பலகையை வைத்தேன். வயரை மாட்டினேன். பாட்டு வந்தது, என் முறை வந்தது, காலை வீசி உறுமல் பெடல் மேல் இறக்கினேன். பெடல் அசையவில்லை. கிட்டார் உறுமியது. வியாகுலம் அண்ணன் டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து தலையை ஆட்டினார்.

இரண்டாம் தடவை இறக்கினேன். பலகை விரிப்போடு சேர்ந்து முன்னால் போனது. மூன்றாம் தடவை இன்னும் போனது. நான் எட்டி எட்டி மிதித்தேன். நாலாம் தடவை எட்டவில்லை.

கிளாடுவின் நிறுத்தினான். "பெடலு நகரலக்கா. பலகையே நகருதே."

சரியாகத்தான் சொன்னான். நான் கிட்டாரைக் கழற்றவில்லை.

"சேர் போட்டுருதேன்" என்றான்.

"ஒரு பேச்சு பேசுனோம்லே. பெடலு நகராம இருந்தாங்கிறதுதான் பேச்சு. பெடலு நகரல."

"எக்கா, சின்னப் பிள்ள மாதிரி பேசாதிங்க."

வியாகுலம் அண்ணன் சொன்னதை இப்போது எழுதுகிறேன். எழுதாமல் இருந்தால் மட்டும் அது இல்லை என்று ஆகிவிடுமா? "கிளாடு பயப்படுதது பெடலுக்கு இல்ல பிள்ள. கேமராவுக்கு. டிவிக்காரப் பொண்ணு சைடுல இருந்து, மேடை முன்னால அம்சமா இருக்கணும்னு சொல்லிட்டாவளாம். ஒன் ஷூவும் கம்பியும் படத்துல தெரியுதாம்."

இந்த ஷூவை அளவெடுத்துத் தைத்தவர் பாளையங்கோட்டையில் இருக்கிறார். என்ன அருமையான வேலை தெரியுமா. அம்சமாக இல்லையாம்.

செல்மா, இதைப் படித்துவிட்டு அழாதே. எரிச்சலாக வரும் எனக்கு.

ஜூன் 4, புதன்

கொடியேற்றம். ஊரே கோயில் திடலில் இருந்தது. எங்கள் சங்குமுனை ஊர்க்காரன் கப்பலில் இருந்தாலும் துபாயில் இருந்தாலும் இன்றைக்கு வந்துவிடுவான். கொடி மேலே ஏற ஏற வெடி வெடித்தார்கள்.

அந்தோனியாரிடம் தொலைந்த பொருளைக் கேட்டால் தேடிக் கொடுப்பார். இந்த ஊரில் தோடு தொலைந்தாலும் ஆடு தொலைந்தாலும் அவருக்குத்தான் மெழுகுவத்தி. நானும் ஒன்று கொளுத்தினேன். என் இடம் தொலைந்துபோய்விட்டது, பாடகிக்கு இடது பக்கம், முன்வரிசை, தேடிக் கொடும் என்று கேட்டேன்.

அவர் தேடட்டும். எனக்கு அவசரம். வரும் வழியில் இரும்புக் கடையில் நீளத் திருகு நாலு வாங்கினேன்.

ஜூன் 9, திங்கள்

பலகையின் நான்கு மூலையிலும் ஓட்டை போட்டேன். எதற்கு என்று செல்மா கேட்டாள். "தண்ணி வடிய" என்றேன். நம்பவில்லை. ஆனால் பக்கத்து வீட்டு டிரில்லிங் மெஷினை வாங்கி வந்து கொடுத்தவள் அவள்தான்.

ஜூன் 12, வியாழன்

சாப்பிட்டாயிற்று. சாயங்காலம் கச்சேரி. எல்லாரும் தூங்குகிற வெயில் நேரம். பலகையையும் திருப்புளியையும் எடுத்துக்கொண்டு திடலுக்குப் போகிறேன்.

ஜூன் 13, வெள்ளி

பெரிய பூசைக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன். கை வலிக்கிறது, இருந்தாலும் முழுவதும் எழுதுவேன்.

நேற்று திடலில் மேடை போட்டு முடித்திருந்தார்கள். பந்தல்காரர் இசக்கி மட்டும் நிழலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் மேடைமேல் ஏறி, நடு மைக்குக்கு இடது பக்கம், முன்வரிசையில் பலகையை வைத்தேன். முட்டிப் பூட்டை அவிழ்த்து, காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து, முதல் திருகை விரிப்பு வழியாக மேடைப் பலகைக்குள் இறக்க ஆரம்பித்தேன்.

இசக்கி டீக் கிளாசோடு ஓடி வந்தார். "எக்கா, என்ன செய்யுதிய? விரிப்புல ஓட்ட விழுந்தா மொதலாளி என்னைய வகுந்துருவாவ."

"ஜெரால்டின் போட்டான்னு சொல்லும். எம் பேர எழுதியே வச்சிக்கிடும்."

"எதுக்குக்கா இது?"

"என்னைய தள்ளாம இருக்கதுக்கு."

அவருக்கு என்ன புரிந்ததோ. கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "அந்தப் பக்கம் அடியில இரும்புச் சட்டம் வருது, திருகு ஏறாது. ஒரு சாண் இங்கிட்டு வைங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி நிழலுக்குப் போய்விட்டார். ஒரு சாண் இங்கிட்டு என்றால் நடு மைக்குக்கு இன்னும் பக்கம். எனக்கு ஆட்சேபம் இல்லை.

நான்கு திருகையும் நானே இறக்கினேன். உள்ளங்கையில் கொப்புளம். எழுந்து நின்று, பூட்டைப் போட்டு, காலை வீசி மொத்தப் பலத்தோடு மிதித்தேன். மேடை முழுக்க அதிர்ந்தது. பலகை அசையவில்லை.

சாயங்காலம் கிளாடுவின் வந்தான். மேடையைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான், பெட்டிக்குப் பின்னால் தான் போட்டு வைத்த சேரைப் பார்த்தான்.

"இத யாரு இங்கன வச்சா?"

"நான்தான்."

"எக்கா, வெளையாடாதிங்க. இன்னும் செத்த நேரத்துல லைவ் ஆரம்பிக்கணும்." குனிந்து பலகையின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினான். வரவில்லை. மறுமுனையைத் தூக்கினான். கமிட்டியிலிருந்து ஒருவர் வந்து கைகொடுத்தார். இரண்டு பேரும் முக்கினார்கள். விரிப்பு மட்டும் கொஞ்சம் சுருங்கியது.

"திருகு போட்டுருக்கியளா?" என்றான்.

"பிடுங்கிப் பாருலே."

"திருப்புளி எங்க?"

திருப்புளி என் ஜாக்கெட்டுக்குள் இருந்தது. அதைச் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. அவன் வியாகுலம் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் கிட்பேக்கைத் திறந்து வெகுநேரம் தேடிவிட்டு, "என்ட்ட இல்ல" என்றார். அதில் இரண்டு திருப்புளி இருப்பது எனக்குத் தெரியும்.

"எக்கா, நான் ஒண்ணும் எனக்காகச் சொல்லல. பாட வாரவங்க சைடுல சொல்லிருக்காவ. மேடை முன்னால…"

"முன்னால என்ன? முழுசாச் சொல்லு."

அந்த நேரத்தில்தான் அந்த டிவிக்காரப் பெண் மேடை ஏறி வந்தாள். சின்னப் பெண், சென்னைக்காரி, கையில் தண்ணீர் பாட்டில்.

"என்னாச்சுண்ணா, ஏதாவது பிரச்சினையா?" என்று கிளாடுவினிடம் கேட்டாள்.

நானே கேட்டுவிட்டேன். "நான் இங்கன நிக்கது உங்களுக்கு இடைஞ்சலாம்லா. ஷூ தெரியுதாம்லா."

அவள் என் காலைப் பார்த்தாள், அப்புறம் கிளாடுவினைப் பார்த்தாள். "நாங்க அப்படி எதுவும் சொல்லலையே. என் பாட்டு எனக்குக் கேக்க ரெண்டு மானிட்டர் ஸ்பீக்கர் வேணும்னு கேட்டேன், அவ்வளவுதான். லீடு வாசிக்கிறவங்க பக்கத்துல இருந்தா எனக்கு ஈஸி. நீங்க இங்கேயே நில்லுங்கக்கா."

ஆக, டிவிக்காரப் பெண் சொல்லவே இல்லை. நான் தொடங்கிவைத்த குழுவில், நான் கைபிடித்துச் சுருதி சொல்லிக்கொடுத்த பயல், அவனே யோசித்து, அவனே முடிவு செய்து, பழியை ஊர் பேர் தெரியாத பெண் தலையில் போட்டிருக்கிறான். மேடையில் வைத்து அவனை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் அவன் தலை குனிந்து வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான், சுற்றத் தேவையில்லாத வயர். நான் கிட்டாரை மாட்டிக்கொண்டேன்.

மாலை ஆராதனை முடிந்து கூட்டம் திடலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தது. முதல் இரண்டு பாட்டும் மெதுவான பாட்டு. மூன்றாவதுதான் வேகம். பாடகி முதல் சரணம் முடித்துவிட்டு ஒரு எட்டுப் பின்வாங்கினாள். என் முறை. நான் காலை வீசினேன்.

அதே நேரம் கிளாடுவின் கீபோர்டில் கிட்டார் சத்தம் எழுந்தது. என் பகுதியை அவன் வாசிக்கத் தொடங்கிவிட்டான். ஏற்கனவே போட்டு வைத்த திட்டமோ, கை பழகிவிட்ட பழக்கமோ, தெரியாது. பூட்ஸ் பெடல் மேல் இறங்கியது. ணங் என்று இரும்பு மேல் இரும்பு. என் கிட்டார் உறுமியது. இரண்டு கிட்டார் சத்தமும் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு ஓடின. கேட்கச் சகிக்கவில்லை. நான் நிறுத்தவில்லை. திரும்பி அவனைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன். இருபது வருடமாக அவனுக்கு முதுகைக் காட்டித்தான் வாசித்திருக்கிறேன். நேற்று முகத்தைக் காட்டினேன்.

இரண்டு கையையும் கீபோர்டிலிருந்து எடுத்தான்.

அப்புறம் நான் மட்டும். எதிரொலிப் பெடல், மிதித்தேன். அலைப் பெடல், மிதித்தேன். திரும்ப உறுமல். நான்கும் வைத்த இடத்தில் இருந்தன. எங்கே என்று கீழே குனிந்து பார்க்க வேண்டிய தேவையே வரவில்லை. வியாகுலம் அண்ணன் எனக்கு இடம் விட்டு விட்டு அடித்தார். முடித்தபோது முன்வரிசையில் இருந்த மீன்காரப் பெண்கள் விசில் அடித்தார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் கரையில் ஏலம் கூவிப் பழகினவர்கள். அந்த விசில் கடலில் கிடக்கிற படகுக்கே கேட்கும்.

கடைசிப் பாட்டு வரை நின்றேன். இடது கால் நடுங்கியது. வலது கால் மரத்துப்போனது. ஒரு தடவைகூட உட்காரவில்லை. வலித்ததா என்று செல்மா கேட்டாள். ஆமாம், வலித்தது. உயிர் போகிற வலி. எழுதிவிட்டேன், போதுமா?

ஜூன் 14, சனி

காலையில் மேடையைப் பிரிக்க ஆள் வந்தது. திருகைக் கழற்ற நான் போனேன். இசக்கி விரிப்பில் இருந்த நான்கு ஓட்டையையும் விரலால் நீவிப் பார்த்துவிட்டு, "மொதலாளிட்ட எலி கடிச்சிட்டுன்னு சொல்லிருதேன்" என்றார். எம் பேரையே சொல்லும் என்றேன்.

மத்தியானம் கிளாடுவின் வந்தான். பழம் இல்லை. வாசலிலேயே நின்றான். செல்மா நாற்காலி எடுத்துப் போடவில்லை, நானும் சொல்லவில்லை.

"எக்கா" என்றான். "நான் செஞ்சது தப்பு."

"ஆமா."

"ஏசுங்க. ஏசிருங்க."

"ஏசுதேன். இன்னைக்கு இல்ல. தெம்பு வரட்டும்."

அவன் காலால் தரையைத் தேய்த்தான். "இருபத்தெட்டாம் தேதி ஒரு கச்சேரி இருக்கு. மண்டபம். டைல்ஸ் தரை. திருகு எறங்காது."

"அதுக்கு?"

"வியாகுலம் அண்ணன் ஒரு இரும்புத் தகடு அடிக்கச் சொல்லிருக்காரு. பலகைக்குப் பின்பக்கம் மாட்டி, அது மேல அவரு டிரம்ஸ் கால ஏத்திக்கிடலாம்ங்காரு. அப்பம் நகராது. அவரு டிரம்ஸ முன்னால கொண்டாந்து வைக்கணும். வைக்கேன்."

"சரி" என்றேன். போகும்போது படியில் திரும்பிப் பார்த்தான். மன்னித்தேனா என்று தெரியவில்லை. மெதுவாகப் பார்க்கலாம்.

அவன் போன பிறகு செல்மா போனைக் கொண்டுவந்து நீட்டினாள். கச்சேரி வீடியோ. ஊரில் பாதிப் பேர் பார்த்துவிட்டார்களாம். மூன்றாவது பாட்டில் கேமராக்காரர் என் முகத்தைக் காட்டுகிறார், விரலைக் காட்டுகிறார், அப்புறம் அப்படியே கீழே இறங்கிவிடுகிறார். திரை முழுக்க என் பூட்ஸ். இரண்டு பக்கமும் கம்பி, தோல் வார், பக்கிள் எல்லாம். அது மேலே எழுகிறது, பெடல் மேல் இறங்குகிறது, பலகை அசையவில்லை. மறுபடி எழுகிறது.

செல்மா அந்த இடத்தையே திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். அழுதாள். எரிச்சல் வரும் என்று சொல்லியிருந்தேன், வரவில்லை.

ஷூ தெரிகிறது. நன்றாகவே தெரிகிறது. பாலிஷ் போட்டிருக்கலாம். இருபத்தெட்டாம் தேதிக்குப் போட்டுவிட வேண்டும்.